இசைத்தட்டுக் கடையில் சொன்னது

2006-ல் டெக்சாஸுக்கு, மகள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வாரமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஆறு மாதம் இருக்கச் சொல்லி ஆசையாக அழைத்தவளிடம் திரும்பிப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நான் கூச்சக்காரன்.

ஒரு சனிக்கிழமை, மருமகனுக்குப் பரிசு வாங்கப் பழைய இசைத்தட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் நான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"அத்தா, டென்ஷன் ஆகாம ஒரு இடத்துல நில்லுங்க. இதைக் கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

அக்கார்டியன் வாத்தியம் ஒலிக்க, யாரோ ஒருவர் புரியாத மொழியில் பாடினார். என் நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் பாடுவது போலிருந்தது. "எனக்கு ஊருக்குப் போகணும்" என்று முணுமுணுத்தேன். அப்படித்தான் நினைத்தேன். கடையே திரும்பிப் பார்த்தது. காது அடைத்திருந்ததால் நான் கத்தியது எனக்கே தெரியவில்லை.

கூசிப்போய் ஹெட்போனைக் கழற்றினேன். மகள் கோபிக்கவில்லை. அதை வாங்கித் தன் காதில் வைத்து, பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"எனக்கும்தான் அத்தா" என்றாள்.

எட்டு வருடமாக அங்கே இருப்பவள் அவள். என் தவிப்பு மட்டும்தான் பெரிதென்று நினைத்திருந்தேன். ஆறு மாதமும் இருந்துவிட்டுத்தான் வந்தேன்.