படைக்க முன்னம் எடுத்தது

வறுத்த பயறின் மணம் பலகைத் தடுப்பைத் தாண்டி வந்துவிட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுறை அப்பாவின் முகத்தைப் பார்ப்போம். பயறு, பிறகு கரையும் சர்க்கரை, பிறகு ஏலக்காய் என்று மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெடிச்சத்தம் மட்டும் வராது. அது யுத்தகாலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஆமிக்காரர் நின்றார்கள். சீனவெடியை வேறு வெடி என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், எங்கள் பக்கத்துத் தைப்பொங்கல் சத்தமில்லாமல்தான் பொங்கியது.

பிள்ளைகளே, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் பாதியில். பலகைத் தடுப்புக்கு அப்பால் மற்றப் பாதியில் யோகம் அன்ரியும் சிவம் மாமாவும் அவர்களுடைய ஒரே மகன் ரவி அண்ணாவும் இருந்தார்கள். அவர்கள் தேவாரம் படித்தால் எங்களுக்குக் கேட்கும், நாங்கள் ஜெபித்தால் அவர்களுக்குக் கேட்கும், ரவி அண்ணாவுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றால் அம்மா ஜெபத்தைக்கூட வாய்க்குள்தான் சொல்லுவார். கிறிஸ்மஸுக்கு அம்மா கொடுக்கும் கேக்கை யோகம் அன்ரி பிள்ளையார் படத்துக்கு முன்னால் சற்று நேரம் வைத்துவிட்டுத்தான் வெட்டுவார். "அவருக்கும் கேக் விருப்பம்தானே" என்பார். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். வெள்ளவத்தைக்கு வந்தபின் ஒரு சிறிய சபையில் சேர்ந்து மிகவும் பக்தியாக இருந்தார். வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணக்கூடாது என்று போதகர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வீட்டில் எங்களுக்கு வந்த முதற் பொங்கலன்று, யோகம் அன்ரி கிண்ணத்தோடு வாசலில் நின்றபோது, அப்பா உள்ளே இருந்தபடி என்னை அனுப்பினார். "படைச்சதோ எண்டு கேள்."

நான் போய்க் கேட்டேன்.

"படைக்காமல் பின்ன? உன்ர கொப்பருக்கெண்டோ பொங்கினனான்?" என்று அவர் சிரித்தார். பிறகு என் முகத்தையும், எனக்குப் பின்னால் வெளியே வராமல் இருந்த அப்பாவின் நிழலையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஓ, நீங்கள் வேதக்காரர் எல்லோ. மறந்துபோனன்" என்று சொல்லிக் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கோபம் இல்லை.

அடுத்த வருடம் கிண்ணத்துக்கு மூடி போட்டிருந்தது. "தம்பி, இது படைக்க முன்னம் எடுத்தது. அப்பாட்டைச் சொல்லு, சாப்பிடலாம்."

நாங்கள் சாப்பிட்டோம். எவ்வளவு ருசி என்று இன்றைக்கும் சொல்ல முடியும். அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, பக்கத்து வீட்டார்கூட நம்முடைய விசுவாசத்தைக் கனம்பண்ணுகிறார்கள் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த மூடியைப் போடுவதற்கு யோகம் அன்ரி தன்னுடைய வீட்டில் எதைத் திறந்துவிட்டார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த பொங்கலுக்கும் அப்படியே கிண்ணம் வந்தது. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, சீனி போட்டுக் கொடுப்போம் என்று அம்மா கழுவிச் சுவர்த்தட்டில் வைத்திருந்தார். அதற்குள் "ரவுண்டப்" வந்தது. விடியற்காலையில் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, பெடியன்களை வெளியே கூப்பிட்டு, சிலரை ட்ரக்கில் ஏற்றினார்கள். ரவி அண்ணாவும் ஏறினார். காலில் செருப்பு இல்லை.

அன்று பின்னேரம் தெஹிவளையிலிருந்து சிவம் மாமாவின் தங்கச்சி வந்தார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பலகைக்கு அப்பால் அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது.

"வேதக்காரருக்கு முதற் பங்கு, சூரியனுக்கு மிச்சம். சாமிக்கு மிச்சத்தைப் படைச்சால் வீட்டில வேற என்ன நடக்கும்? நான் போன வருசமே சொன்னனான் எல்லோ அண்ணி. உப்புக்கூடப் பாக்காமல் வைக்கிற பானையில நீங்கள் கை வைச்சனீங்கள்."

யோகம் அன்ரி, "பக்கத்தில குழந்தையள் இருக்க நாங்கள் மட்டும் எப்பிடித் தின்னுறது" என்றார். அவ்வளவுதான். பிறகு அழுகிற சத்தம்.

அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்தார். அப்பா சுவர்த்தட்டில் இருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் சட்டம் மீறப்படாமல் இருப்பதற்கு யோகம் அன்ரி தன்னுடைய சட்டத்தை மீறியிருந்தார். நாங்கள் அதை விசுவாசத்தின் வெற்றி என்று சபையில் சொல்லியிருந்தோம்.

அப்பா எழுந்து அவர்கள் வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "தங்கச்சி, நாங்கள் ஜெபிக்கிறம்" என்று யோகம் அன்ரியிடம் சொன்னார்.

"நீங்கள் செய்தது காணும்" என்றார் தெஹிவளைக்காரி.

"நீர் சும்மா இரும் மச்சாள்" என்று யோகம் அன்ரி முகத்தைத் துடைத்தார். "ஜெபியுங்கோ அண்ணை. ஆர் கேட்டாலும் எனக்குக் காணும்."

அப்பாவுக்குத் துறைமுகச் சிங்களம் நன்றாக வரும். வேலைக்குப் போகாமல் சிவம் மாமாவோடு பொலிஸ் வாசல்களில் "மாத்தயா, மாத்தயா" என்று ஐயா போட்டுக் கெஞ்சிக்கொண்டு நின்றார். பல வாரங்களுக்குப் பிறகு ரவி அண்ணா மெலிந்து, அதிகம் கதைக்காதவராகத் திரும்பி வந்தார். அப்பா அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லவில்லை. போதகர் கேட்டும் எழும்பவில்லை.

அடுத்த தைப்பொங்கல் நெருங்க நெருங்க, "இந்தமுறை படைச்சதையே தரச் சொல்லப் போறன்" என்று அப்பா அம்மாவிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கலன்று என்னை அனுப்பாமல் தானே வாசலில் போய் நின்றார்.

யோகம் அன்ரி வந்தார். கிண்ணத்துக்கு மூடி இருந்தது. "பயப்பிடாதேங்கோ அண்ணை, முன்னம் எடுத்ததுதான்."

அப்பா அந்த மூடியைப் பார்த்தார். இப்போது வேண்டாம் என்றால், அன்று பலகைக்கு இப்பால் இருந்து எல்லாவற்றையும் கேட்டோம் என்பது யோகம் அன்ரிக்கு உறுதியாகத் தெரிந்துவிடும். அவர் எங்களுக்காக மறைத்து வைத்திருந்த வலியை நாங்களே அவர் முன்னால் எடுத்து வைத்ததாகிவிடும். அப்பா இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார். உள்ளே வந்து சாப்பிட்டார், தலையை நிமிர்த்தாமல்.

கண் பார்வை குறைந்த கடைசிக் காலத்தில் அப்பா வேதத்தில் படைத்ததை உண்பது பற்றிய பகுதியை என்னை வாசிக்கச் சொன்னார். படைத்தது என்று ஒருவன் சொன்னால் உண்ணாதே என்று அங்கே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்குச் சற்று முன்னாலேயே, அயலவன் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்றும் இருக்கிறது. "கேக்காமல் விட்டிருக்கலாம் தம்பி" என்றார்.

யோகம் அன்ரி குடும்பம் வெளிநாடு போய்விட்டது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். அதே வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற மாடிவீட்டிலும் சீமெந்துச் சுவரைத் தாண்டிப் பயறு மணம் வருவதில்லை, தேவாரமும் வருவதில்லை. போன பொங்கலுக்கு மேல் மாடிப் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாள். நான் எப்போதோ பகிடியாகச் சொன்னது உங்களில் சின்னவனுக்கு நினைவிருந்தது போல. கதவில் நின்றபடி, "படைச்சதோ?" என்று கேட்டான்.

அவளுக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அப்பிடியெண்டா என்ன அங்கிள்? இது பாமன்கடைப் பக்கம் ஒரு கடையில ஓடர் பண்ணினது."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். நான் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்கு ஏன் முகம் மாறினது என்று நீங்கள் பிறகு உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். அதற்குத்தான் இதை எழுதினேன்.