கல்லாய் இறுகிய பக்கம்

என் மனைவியை நான் சந்தேகித்தேன். அந்தச் சந்தேகத்துக்கு அக்கறை என்று பெயர் சூட்டி அவளையே நம்பவைத்தேன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். எனக்கு மௌலா அலிப் பக்கம் மத்திய அரசு வேலை. புற்றுநோயால் வசந்தாவின் இடது மார்பை அகற்றி, அவ்விடத்தில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்திருந்தார்கள். வழவழப்பான பை. ஒரு வருடத்துக்குள் அதைச் சுற்றி உடம்பே ஓர் உறையை வளர்த்து நெரிக்க, கல்லாய் இறுகிவிட்டது.

ஒருமுறை தொட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அவள் கவனித்துவிட்டாள்.

அதன்பின் தினமும் காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். வாராவாரம் செகந்திராபாத்துக்குப் போனாள். டாக்டரிடம் என்றாள். இத்தனை முறை எதற்கு? அவர் மனைவியை இழந்தவர், சிரித்துப் பேசுகிறவர்... என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா!

ஒருநாள் விடுப்பு எடுத்துப் பின்தொடர்ந்தேன்.

மருத்துவமனையில் என்னைக் கண்டதும் டாக்டர் மகிழ்ந்து உள்ளே அழைத்தார். நர்ஸ் அருகில் நிற்க, வசந்தா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறுக்கம் தளர அழுத்திவிடுவார்களாம். வீட்டில் அவளே தாழிட்ட கதவுக்குப் பின்னால் அதைச் செய்துகொண்டிருக்கிறாள். இப்போது சொரசொரப்பான பை வந்திருப்பதாகவும், அது அவ்வளவாக இறுகாதென்றும் டாக்டர் சொன்னார். ஆனால் புதியது, பல வருடம் கழித்து என்ன செய்யும் என்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

அத்தோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டாமா? தீரவில்லை...

"இந்த வயசுல இதெல்லாம் யாருக்காக?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எனக்குத்தாங்க. வலிக்குது."

அப்போதும் நான் இளகவில்லை. டாக்டரின் நேர்மையையே ஆயுதமாக்கினேன். அவருக்கே தெரியாத புதுச் சரக்கு உனக்கு எதற்கு, வேண்டாம் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. சில வருடங்கள் அந்தக் கல்லோடு வாழ்ந்தாள். வலி தாங்காமல், கடைசியில் பையை எடுத்தே விட்டார்கள்.

அண்மையில் என் மகள் பத்திரிகைச் செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினாள். சொரசொரப்பான பைகளைச் சுற்றிச் சிலருக்கு அரிதான ஒரு புற்றுநோய் வருகிறதாம். சில வகைகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம்.

வசந்தா மகளிடம், "நல்லவேளை, அன்னைக்கு அப்பா வேண்டாம்னாங்க. எனக்காக எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாரு," என்றாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.