அழுக்குக் குழாயில் புதுக் கம்ப்ரஸர்

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டியவரை எல்லோரும் 'ஹாரன்' என்றே அழைத்தோம். நடுச்சாலையில் நாய் படுத்திருந்தாலும், அது தானாக எழும்வரை காத்திருப்பாரே தவிர, ஹாரனைத் தொடமாட்டார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவருடைய மனைவிக்கு வியர்க்காது. சமையலறைத் தீயில் கழுத்திலிருந்து முழங்கால்வரை வெந்துபோனவள். மருத்துவர்கள் ஒட்டவைத்த தோலில் வியர்வைக்கு வழியில்லை. வெப்பத்தில் சிறிது நேரம் இருந்தாலே உடல் கொதிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தீ, அவர் பழைய பொருள் கடையிலிருந்து தூக்கிவந்த அடுப்பில் பற்றியது. அதன்பின் அந்த வீட்டுக்குள் ஒரு கரண்டிகூடப் பழையதாக நுழைந்ததில்லை. "புருஷன் மட்டும் பழசாவே இருக்காரு. அவரையும் மாத்திரலாமா?" என்று அவள் கேலி செய்வாள். அவர் சிரிக்கமாட்டார்.

மாதந்தோறும் தொலைவிலிருந்த மருத்துவமனைக்கு அவளைத் தம் காரில்தான் அழைத்துச் செல்வார். கடுங்கோடையில், அடுத்த பயணம் நெருங்கிய வேளையில், காரின் ஏசி கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டது.

மெக்கானிக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்து நீட்டினார். நுனியில் சாம்பல் நிறப் பிசுக்கு மின்னியது. கம்ப்ரஸர் தன்னையே அரைத்து, அந்த இரும்புத் துகளைக் குழாய்களெங்கும் துப்பியிருந்தது. நல்ல நிலையிலுள்ள பழைய கம்ப்ரஸரைப் பொருத்திவிட்டு, மிஞ்சும் பணத்தில் குழாய்களைக் கழுவி, அந்தத் துகள் தங்கிவிடும் கண்டென்சரையும் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். ஹாரனின் பார்வையோ அலமாரியிலிருந்த பிரிக்கப்படாத அட்டைப் பெட்டியின்மேல் இருந்தது. அதை வாங்கினால் வேறெதற்கும் கையில் மிஞ்சாது.

"புதுசைப் போடு தம்பி."

"அழுக்குக் குழாயில புதுசும் தாங்காதுண்ணே. அதையும் அரைச்சிரும்."

"அவ உக்காருற வண்டி. பழசு வேண்டாம். போடு."

அன்று மாலை காரில் பனிக்காற்று வீசியது. வெற்று அட்டைப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று மனைவியிடம் காட்டினார். அவள் அதில் துணிகளை மடித்து வைத்தாள்.

பயணத்தில் பாதி வழிவரை குறையேதுமில்லை. பாலத்தின்மேல் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால், முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கி நின்றன. உச்சி வெயில். இன்ஜினுக்குள் கல்லை அரைப்பதுபோல் ஓர் ஒலி எழுந்து அடங்கியது. அதற்குப்பின் வந்த காற்று சுட்டது. அவர் குடிதண்ணீர் முழுவதையும் துண்டில் ஊற்றி அவள்மேல் போர்த்தினார். அது காய்ந்ததும் ஹாரனை அழுத்தினார், கையை எடுக்கவேயில்லை. யாருக்கும் விலக இடமில்லை.

"விடுங்க. அவங்க மட்டும் எங்க போவாங்க?" என்றாள் அவள். பிறகு, "நீங்க ஹாரன் அடிச்சு இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றாள். அதன்பின் அவள் பேசவில்லை. மருத்துவமனையை அடைந்தபோது உயிர் இருந்தது, மறுநாள் இல்லை.

காரியங்களெல்லாம் முடிந்தபின் ஹாரன் காரை மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார். மெக்கானிக் குழாயைக் கழற்றி விரலை விட்டு எடுத்தார். அதே சாம்பல் பிசுக்கு. ஹாரன் இம்முறை அதை நெடுநேரம் பார்த்தார்.

"இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே தம்பி."

"காட்டினேண்ணே."

நீட்டிய விரலை மடக்க மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. ஹாரன் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து, அந்த விரலைத் துடைத்துவிட்டார்.