பட்டிக்கு அடியில் ஓட்டை

தஞ்சாவூர் பைபாஸ் பட்டறையில் கார்களுக்கு மணல் அடிப்பவர் அவர். காற்றோடு மணலைப் பீய்ச்சிப் பழைய பெயிண்டை உரித்து, பிரைமர் பூசுவதற்குத் தகரத்தைத் தயாராக்குவது வேலை. புருவம் வரை வெள்ளைத் தூசி. எந்தக் கதவையும் அடிப்பதற்கு முன் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்று அக்காவின் கணவரான என் மச்சானிடம் வாங்கிய கார் அது. துருவே இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார். மணல் அடித்த முதல் கதவிலேயே கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"இது நீங்க போட்டதுதானே?" என்றேன். எனக்கு அவ்வளவு பேச வந்ததே அதிசயம்.

"துருப்பிடிச்ச ஓட்டைய பட்டி மாவு வச்சு மூடியிருக்காங்கண்ணே. யாருகிட்ட வாங்குனீங்க?"

"வேண்டியவங்கதான்."

"அதான் தட்டிப் பாக்கல போல." முகமூடியைக் கழற்றி நீட்டினார். "அடுத்த கதவ நீங்களே அடிங்க."

அடித்தேன். பெயிண்ட் போனது, பட்டி உதிர்ந்தது, என் கண்முன்னே இன்னொரு ஓட்டை திறந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

இன்றும் அந்த மணல் அடிப்பவர்மேல் சந்தேகம்தான். மிகக் கிட்டத்தில் பிடித்தால் நல்ல தகரமும் ஓட்டையாகுமே, மணல் குழாயை எவ்வளவு கிட்டத்தில் பிடிப்பது என்று காட்டியவரும் அவர்தானே? அவரை நம்பிவிட்டால், அக்கா வீட்டில் நான் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?