ஆடித்தபசும் காஜா வீட்டுக் கேசட்டும்

வருகிற ஆடியில் சங்கரன்கோவில் தபசுக்குப் போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது மதுரையில் வேலை. கையில் ஒரு இரவல் கேமரா, தலைக்குள் நாதஸ்வரப் பைத்தியம். திருவிழாவில் வாசிப்பவர்களைப் படம் எடுப்பதோடு வாசிப்பையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையால் அவமானப்பட்ட கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் கடையநல்லூரில் அலுவலக நண்பன் காஜாவின் வீட்டில் தங்கினேன். அவனுடைய அக்கா கணவர் சவுதியிலிருந்து கொடுத்தனுப்பிய டேப் ரெக்கார்டர் அங்கே இருந்தது. காலையில் காஜா அதைத் தூக்கி என்னிடம் கொடுத்து, "பேட்டரி புதுசுதான் வே. கேசட்டு மட்டும் நீரு வாங்கிக்கிடும்" என்றான்.

கடையநல்லூரிலிருந்து புளியங்குடி வழியாகச் சங்கரன்கோவில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிக்கெட் அன்றைக்கு இரண்டு ரூபாய் சில்லறை. இரண்டு கேசட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ரெக்கார்டரைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு கேசட் இருந்தது. மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. வீடு பக்கத்துத் தெருதான், ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். ஜன்னலோர இடம் போய்விடுமே என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ரத வீதியில் நிற்கவே இடமில்லை. எப்படியோ முண்டியடித்து நாதஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். தோடி ஆரம்பித்தது. முதல் கேசட் முடியப்போகிற நேரத்தில், பக்கத்தில் நின்ற, இளையரசனேந்தலிலிருந்து வந்த சம்சாரி ஒருவர், "கண்ணாடியக் கழத்தி வச்சிக்கிடுங்க தம்பி. இப்ப சூறை விடுவாவ, வத்தல் வந்து மூஞ்சில விழும்" என்றார். அவரைப் போன்ற விவசாயிகள் தங்கள் விளைச்சலை அம்மன் சப்பரத்தின் மேல் வீசுவதுதான் சூறை. சொல்லி வாய் மூடுவதற்குள் பருத்தியும் மிளகாய் வத்தலும் சோளமும் மழையாகக் கொட்டின. அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினேன்; அது இல்லாமல் எனக்குக் கை விரலே சரியாகத் தெரியாது. குனிந்தபடி பையைத் துழாவி, கையில் சிக்கிய கேசட்டை மாட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் காலை காஜா வீட்டில் பெருமையாக அந்தக் கேசட்டையே போட்டுக் காட்டினேன். தோடி அமர்க்களமாக வந்தது. அடுப்படியில் இருந்த அக்கா கதவோரம் வந்து நின்று, "அது எந்தக் கேசட்டு தம்பி?" என்று காஜாவிடம் கேட்டார்.

சவுதியிலிருந்து கணவர் பேசி அனுப்பிய கேசட் அது. அப்போது கடையநல்லூரில் பல வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட்தான். கேட்டு முடித்ததும் அதன்மேலேயே பதில் பேசி, சவுதிக்குப் போகிற ஆள் வசம் திருப்பி அனுப்புவார்கள். அதனால், உடைத்தால் மேலே பதிய முடியாமல் போகிற ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டை உடைப்பதில்லை; என் பதிவுப் பொத்தானும் தடையில்லாமல் அழுந்தியிருக்கிறது.

எனக்கு முகம் செத்துப்போயிற்று. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டு, "எப்படியும் அழிச்சிட்டுத்தானே பதில் பேசுவீங்க?" என்றேன். இன்று நினைத்தாலும் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா கோபப்படவில்லை. "அழிக்கத்தான் செய்வோம். கடைசில அவுக எனக்குன்னு மெதுவா என்னமோ பேச ஆரம்பிச்சாவ. வீட்டுல அத்தன பேரும் உக்காந்திருக்காவளேன்னு வெக்கப்பட்டு நிப்பாட்டிட்டேன். ஆளில்லாத நேரம் கேக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "அவுக அப்படிப் பேசுத ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காபி வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் செத்துப் பிழைத்தேன்.

போகிறவர்கள் மதியத்துக்குள் போய் இடம் பிடித்துவிடுங்கள். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், கேமராவைத் துணியால் மூடி வையுங்கள். என் படங்களில் ஊரார் பின்னந்தலைகள்தான் விழுந்தன. இரவல் வாங்கிய பொருளுக்குள் அடுத்தவர் பொருள் ஏதாவது இருந்தால், பஸ் போனால் போகட்டும், இறங்கிப் போய்க் கொடுத்துவிடுங்கள்.

கேசட்டை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் என் தோடியின் மேல் பதில் பேசி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பதிலில், என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் அக்கா கேட்டாரா என்று காஜாவிடம் விசாரிக்க எனக்கு இதுவரை வாய் வரவில்லை.