எனக்கே எனக்கென்று ஒரு வலை ஊஞ்சல்

தொண்ணூறுகளின் கடைசியில், போளூர் சந்தையில் வலை ஊஞ்சலைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி தறி ஓடாத அமாவாசையெல்லாம் தனியாகப் படுத்து ஆடலாம்!

“ஒத்த ஆள் சைஸ்ல தோள் நெருக்குங்க. குறுக்கால படுக்க ஜோடி சைஸ்தான் சரி” என்றார் கடைக்காரர். பெரியதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, தறிக்குப் பாவு நூல் கட்டும் கைப்பழக்கத்தில், கொஞ்சமும் தொய்யாமல் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். ஏறியதுதான் தாமதம், புரட்டி மண்ணில் போட்டது.

“இன்னாங்க, பாவா கட்டிகினு இருக்கீங்க? தொய்வா வுடுங்க” என்று சிரித்த என் மனைவியே கயிற்றைத் தளர்த்தினாள்.

குறுக்காகப் படுத்தேன். அடடா, என்ன சுகம்! கண்ணை மூடினேன்.

“ஜோடி சைஸுதானே? நகுருங்க” என்றாள்.