ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊசி

ஜீப் ஓட்டுவது சொகுசான வேலை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைத் தார் ரோட்டில் மட்டும் பார்த்தவர்களாக இருப்பார்கள். மேடு பள்ளத்தில் இடுப்பொடிந்த சக டிரைவர்களே, இது உங்களுக்காக.

எழுபதுகளின் கடைசியில் மதுரைக்கு மேற்கே ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஜீப் ஓட்டினேன். ரோட்டை விட்டு இறங்கினால் மூன்று மைல் பாதை. முதலில் கரிசல், அப்புறம் ஓடை மணல், கடைசியில் பாறை மேடு. மேட்டின் உச்சியில் இருபது வீடுகள். அதில் ஒன்றில் மொக்கைச்சாமி என்ற மாட்டுவண்டிக்காரர் காசநோயில் படுத்துக் கிடந்தார். வாரம் ரெண்டு ஊசி, ஒரு வருஷம், நடுவில் விட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மொக்கைச்சாமியால் பத்தடி நடக்க முடியாது. ஆகவே ஊசி அவரைத் தேடிப் போனது. அதாவது, நானும் நர்ஸம்மாவும் போனோம்.

லீவில் இருந்த சக்கரங்கள்

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று நர்ஸம்மாவிடம் வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தேன். முதல் நாளே ஓடை மணலில் புதைந்தது. சின்ன லீவரைத் தள்ளி மிதித்தால் பின் சக்கரங்கள் மட்டும் மணலை வாரி இறைக்கின்றன. அந்த ஜீப்பில் லீவர் போட்டால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழைக் கையால் திருகிவிட வேண்டும், அப்போதுதான் அவையும் இழுக்கும். தார் ரோட்டிலேயே காலம் தள்ளிய நான் அதைச் சுத்தமாக மறந்துபோனேன். நீங்கள் மறந்ததே இல்லையென்றால் தாராளமாகத் திட்டலாம்.

அரை மணி நேரம் மணலைத் தோண்டிய பிறகுதான் நினைவு வந்தது. ஒன்றுமே நடக்காதவன் போலப் போய்த் திருகினேன். மருந்துப் பெட்டியை மடியில் வைத்திருந்த நர்ஸம்மா கேட்டார்:

"ஏன் தம்பி, முன்னாடி ரெண்டும் இம்புட்டு நேரம் லீவுலயா இருந்துச்சு?"

காற்று

மணலில் போக டயரில் பாதிக் காற்றைப் பிடுங்க வேண்டும். மணல் முடிந்ததும் திரும்ப அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாறை டயரைக் கிழித்துவிடும். வாரம் ரெண்டு தடவை கைப்பம்பில் நாலு டயருக்கும் காற்றடித்தால் நெஞ்சு வாய்க்கு வரும்.

ஒருநாள் மொக்கைச்சாமியின் மனைவி பேச்சி தண்ணீர் எடுக்க ஓடைக்கு வந்திருந்தது. நான் மூச்சு வாங்கியதைப் பார்த்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"வண்டிக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே சீக்குதான் போலண்ணே. ஏத்துன காத்து உள்ள நிக்க மாட்டேங்குது."

நான் மறுபடி பம்பைப் பிடித்தேன்.

பருத்திமார்

ஐப்பசியில் அடைமழை. கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சக்கரம் நாலும் களிமண் உருண்டையாகி, வண்டி இருந்த இடத்திலேயே வழுக்கியது. ஏற்கெனவே முந்தின ஊசிக்கு ஒரு நாள் பிந்தியிருந்தோம். நர்ஸம்மா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேட்டிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஓடையைத் தாண்டி, தலையில் கட்டுக் கட்டாகப் பருத்திமாரோடு வந்தார்கள். அடுப்பெரிக்கச் சேர்த்து வைத்த காய்ந்த பருத்திச் செடி. அதைச் சேற்றில் பரப்பினார்கள். வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் அது நொறுங்கிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதை எரித்து அவர்கள் எத்தனை நாள் சோறு பொங்கியிருப்பார்கள்! பேச்சிதான் அதட்டியது:

"அடுப்பு காத்திருக்கும்ணே. ஊசி காத்திருக்குமா? மிதிங்க வண்டிய!"

பட்டை உடைந்த நாள்

ஊசி முடிய இரண்டே வாரம் இருந்தது. பாறை மேட்டின் அடிவாரத்தில் டமார் என்று ஒரு சத்தம். முன் ஸ்பிரிங் பட்டை உடைந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. இனி மெக்கானிக் வந்தால்தான் நகரும். நர்ஸம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். ஆட்கள் வந்து கைகொடுக்கட்டும் என்று நான் ஹாரனை அடித்தேன்.

மேட்டிலிருந்து ஒருவர் கம்பு ஊன்றி இறங்கி வந்தார். ஒவ்வொரு பாறையிலும் நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி இறங்கினார். பாதித் தூரம் வந்த பிறகுதான் அது மொக்கைச்சாமி என்று புரிந்தது. அவர் வாசலில் நாலடி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மேட்டை இறங்குவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. கைத்தாங்கலாகப் பிடிக்க ஓடினேன். கம்பை நீட்டித் தடுத்துவிட்டார்.

"அங்கனயே நில்லுங்கண்ணே. ஒரு வருசமா நீங்கதான வந்தீக? இன்னைக்கு நான் வாரேன்."

சர்க்கார் ஜீப் ஏற முடியாத மேட்டை ஒரு மனுஷன் இறங்கி வந்ததைப் பார்த்து, உடைந்த பட்டையை மறந்துவிட்டு விக்கி விக்கி அழுத டிரைவர் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.